கால்கட்டு போட்ட ஜீப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருலின் ஜீப் அன்று காலை ஏன் கிளம்பவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதன் ரோட்டர் என் சட்டையின் உள்பையில் இருந்தது. கட்டைவிரல் நுனியளவு கறுப்புச் சாமான், தலையில் ஒரு பித்தளைத் தகடு. பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பேட்டரி எத்தனை புதிதாக இருந்தாலும், டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும், வண்டி கத்துமே தவிர ஓடாது.

ரஷ்யர் காலத்து டிரைவர்கள் ராத்திரி படுக்கப் போகும்போது அதைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். குதிரையை மேயவிடும்போது முன்னங்காலைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோமே, அந்த மாதிரி. நான் செய்ததும் கால்கட்டு வேலைதான். ஜீப்புக்கு அல்ல, புருலுக்கு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது?

மூன்று கோடையாக அவளுடைய கம்பளிக் கூடாரமும் என்னுடையதும் ஏரிக்கரையில் ஒரே ஓடையின் இரண்டு பக்கம் நின்றன. என் மனைவி போய் ஒன்பது வருஷம். புருலின் கணவன் லாரி டிரைவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் கணவாயில் பனிச்சரிவில் போனவன். நான் அவளுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், அடுப்புக் குழாயை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன், நொண்டிய கிடாவைப் பிடித்துக் குளம்பு சீவியிருக்கிறேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. என் பேர் பெய்ஷேன், ஆனால் அவள் என்னை வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த ஆணை யாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

செப்டம்பர் வந்தால் அவள் வடக்கே கொச்கோர் ஊர்ப் பக்கம் இறங்குவாள். நான் தெற்கே இறங்குவேன். ஒன்பது மாதம் நடுவில் மலை நிற்கும்.

முந்தின நாள் மாலை அவள் கூடாரத்தில் புளித்த குதிரைப்பால் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிண்ணத்தில் அவள் சொன்னாள், காலையில் கொச்கோர் போய் லாரி பேசிவிட்டு வருவதாகவும், மறுநாளே கூடாரத்தைப் பிரித்து இறங்கிவிடப் போவதாகவும். சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் போனாள். எங்கள் ஏரிக்கரை முழுவதற்கும் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு மேட்டில்தான். ஆட்டு வியாபாரி யாரிடமோ பேசப் போகிறாள் என்று நினைத்தேன்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் குதிரைப்பால் மெல்ல மிதந்தது. வாசல் வழியே ஏரி தெரிந்தது, வானம் அதற்குள் இறங்கி நின்றது, எது மேல் எது கீழ் என்று பிரிக்க முடியாத நேரம். வாசல் ஓரத்தில் நான் வைத்துவிட்டு வந்த சவுக்கு கிடந்தது. விருந்தாளியை அனுப்ப மனமில்லை என்றால் வீட்டார் அவன் சவுக்கை ஒளித்து வைத்துவிடுவது எங்கள் மலையில் பழைய வழக்கம். அவன் தேடுகிற மாதிரி தேடுவான், கிடைக்கவில்லை என்று சிரிப்பான், இன்னொரு ராத்திரி தங்குவான். ஒருவர் முகமும் கோணாது. அந்த யோசனையிலேயே எழுந்து போனேன். ஜீப்பின் பானெட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கொக்கியைத் தளர்த்தி, ரோட்டரை உருவி, மூடியைத் திரும்ப மாட்டினேன். அவள் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது நான் குதிரைமேல் இருந்தேன். முகம் எப்படியோ இருந்தது அவளுக்கு. இருட்டத் தொடங்கியிருந்ததால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டிருக்க வேண்டும்.

காலையில் மேகம் தரையிலேயே படுத்திருந்தது. என் ஆடுகளை நான் பார்க்கவில்லை, அவை புல் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஜீப்பின் செல்ஃப் இரைந்தது. நின்றது. மறுபடி இரைந்தது. ஒவ்வொரு இரைச்சலுக்கும் என் உள்பையில் சூடு ஏறியது. பிறகு ஓடையைத் தாண்டிக் காலடிச் சத்தம் வந்தது, கடைசியில் புருல் வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன். வண்டி எடுக்க மாட்டேங்குது."

"ராத்திரி ஈரம் அதிகம்ல," என்றேன். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் இதைவிட உருக்கமாகச் சொல்லியிருக்காது.

அவள் நல்ல பச்சைக் கோட்டு போட்டிருந்தாள், காதில் வெள்ளித் தோடு. லாரி பேசப் போகிறவள் தோடு போடுவாளா என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. எனக்காகப் போட்டது என்று நினைத்தேன். கிறுக்குக்கு வயது ஏது?

நான் வேலையை முறையாகத் தொடங்கினேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினேன். கம்பியை இறுக்கினேன். "செல்ஃபை அடி" என்றேன். அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"பேட்டரி இல்ல," என்றேன். "பெட்ரோல் வருதா பாப்போம்."

பெட்ரோல் பம்பின் கைப்பிடியை மெல்ல அமுக்கினேன். பத்து தடவை போதும், நான் நாற்பது அமுக்கினேன். கார்புரேட்டரின் வாயில் மூக்கை வைத்தேன். நல்ல வாசனை, தாராளமாக வருகிறது. மேகம் எங்களைச் சுற்றி மூடிக்கொண்டது. ஏரி இல்லை, மலை இல்லை, கூடாரம்கூட இல்லை. ஒரு பானெட், அதன் இரண்டு பக்கம் இரண்டு பேர். உலகத்தில் மிச்சமிருப்பது இவ்வளவுதான் என்று தோன்றியது. எங்கிருந்தோ ஒரு பெண்குதிரை தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. பின்வாங்கியது. அங்கே குதிரை நின்றதற்கு அடையாளமே இல்லை. இப்படியே இந்த மேகம் விலகாமல் இருந்தால், நான் ஒவ்வொரு திருகாகக் கழற்றி ஒவ்வொரு திருகாக மாட்டிக்கொண்டே இருந்தால், குளிர்காலம் எங்களைக் கண்டுபிடிக்காமல் தாண்டிப் போய்விடும். நான் உண்மையிலேயே அப்படி நினைத்தேன். அதைவிட இன்பமான காலை எனக்கு வாய்த்ததில்லை, அதைவிட அசிங்கமானதும் இல்லை.

"என்ன அண்ணே, பெட்ரோல்கிட்ட ரகசியம் பேசறீங்களா? சீக்கிரம் பாருங்க."

"அவசரப்பட்டா ஆகாது, புருல். வண்டியும் குதிரை மாதிரிதான். அதட்டினா அடம் பிடிக்கும்."

"குதிரையா இருந்தா இந்நேரம் கணவாய் தாண்டியிருப்பேன். உங்க பேச்சைக் கேட்டா பொழுது போயிரும்."

பிளக் ஒன்றைக் கழற்றினேன். துடைத்தேன். ஊதினேன். மறுபடி துடைத்தேன். கம்பியில் மாட்டி எஞ்சின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அடி" என்றேன். நீலப்பொறி பறக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"கரண்ட் வரல," என்றேன், புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி.

"ஏன் வரல?"

"பாக்கணும். காயிலா இருக்கலாம். கம்பியா இருக்கலாம். ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டேன், "இன்னைக்கு ஆகலன்னாதான் என்ன? லாரி பேச நாளைக்குப் போனா ஆகாதா?"

அவள் சாவியை விட்டுக் கையை எடுத்தாள். இறங்கி வந்து பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரிக்காகப் போகல, அண்ணே," என்றாள். "ஜிபார் போறா."

ஜிபார் அவளுடைய மகள், ஒரே மகள். இரண்டு வருஷமாக அம்மாவோடு பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஏன் என்பது தெரியாது. யாரும் கேட்டதில்லை.

"மாஸ்கோவுக்கு. ஹோட்டல்ல பாத்ரூம் கழுவற வேலை. நேத்து மேட்டுல ஏறினப்ப மெசேஜ் வந்திருந்துச்சு. ஏதோ பேப்பர் வாங்க கொச்கோர் வந்திருக்காளாம். பன்னெண்டு மணியிலேர்ந்து பஸ் ஸ்டாண்டுல இருப்பாளாம், ரெண்டு மணி பஸ். அவ்வளவுதான் எழுதியிருந்தா. வான்னு எழுதல. ஆனா எங்க இருப்பேன்னு எதுக்கு எழுதணும், சொல்லுங்க? போன் பண்ணினேன், எடுக்கல."

கையிலிருந்த பிளக்கையே மறுபடி துடைத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் அப்படித்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாமியார் வீட்லேர்ந்து ஒரு பையைத் தூக்கிட்டு வந்து நின்னா," என்றாள் புருல். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எஞ்சினைப் பார்த்துச் சொன்னாள். "அவன் அடிக்கிறான்னா. நான் டீ ஊத்திக் குடுத்துட்டு, விழுந்த எடத்துலதான் கல்லுக்குக் கனம், கட்டிக் குடுத்த எடத்துலயே இருன்னேன். எங்கம்மா எனக்குச் சொன்னது, அப்படியே சொல்லிட்டேன். டீயைக் குடிச்சா. கிண்ணத்தைக் கவுத்து வெச்சா. போயிட்டா. அப்புறம் அவனையும் விட்டுட்டா, என்னையும் விட்டுட்டா." கோட்டின் கையால் மூக்கைத் துடைத்தாள். "மாஸ்கோ போனவங்க எப்ப வராங்க? நாலு வருஷம், அஞ்சு வருஷம். சிலது வரதே இல்ல. எப்படியாவது வண்டியை எடுத்துக் குடுங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

மணி ஒன்பதரை ஆகப்போகிறது. கொச்கோருக்கு நாலரை மணி நேரம், கணவாயில் சேறு இல்லாவிட்டால். ஏரிக்கரையில் மற்றவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், வேறு வண்டி கிடையாது.

எனக்கு ஒரு வழி இருந்தது. அவளை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, தூக்கிய பானெட்டின் மறைவில் ரோட்டரை மாட்டிவிடலாம். கம்பி தளர்ந்திருந்தது என்று சொல்லலாம். அவள் நன்றி சொல்லுவாள். அண்ணன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று குளிர்காலம் முழுக்க நாலு பேரிடம் சொல்லுவாள். என் கை பைக்குள் போய்விட்டது. விரல் அந்தப் பித்தளையைத் தொட்டுவிட்டது. உங்களைத்தான் நம்பியிருக்கேன் என்று மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"என்ன இது?"

"உன் வண்டியோடது. நேத்து சாயங்காலம் நான்தான் எடுத்தேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் கணவன் லாரிக்காரன், அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினவன். பார்த்தவுடன் என்ன சாமான் என்று தெரிந்திருக்கும். ஏன் என் கையில் இருக்கிறது என்பதுதான் தெரிந்திருக்காது.

"எதுக்கு?"

"இன்னொரு நாள் நீ இருப்பியேன்னு. சவுக்கை ஒளிப்பாங்கல்ல, அந்த மாதிரி நெனச்சு..."

"சவுக்கை ஒளிக்கிறது விருந்து குடுக்கிறவங்க செய்யற வேலை. நேத்து என் பாலைக் குடிச்சுட்டு உக்காந்திருந்தது நீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுச்சாம். எடுத்தது மட்டும் இல்ல, இவ்வளவு நேரம் என் முன்னாடி நின்னு தேடற மாதிரி வேற தேடியிருக்கீங்க. பெட்ரோலை மோந்து பாத்தீங்க."

"ஆமா."

"மாட்டுங்க."

மாட்டினேன். அது ஒரே பக்கமாகத்தான் உட்காரும், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். நான் மூன்று தடவை தவறவிட்டேன். மூடியை அமுக்கிக் கொக்கியைப் போட்டேன். பிளக்கை முறுக்கினேன். அவள் சாவியைத் திருப்பினாள், முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. ஒரு குற்றமும் இல்லாத வண்டி. புகை மேகத்தோடு சேர்ந்துகொண்டது.

ரொட்டியைத் தொட்டு வாயில் வைக்காமல் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடாது. ஓடிப்போய் அவள் கூடாரத்திலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு வந்து ஜன்னலில் நீட்டினேன். யார் கையிலிருந்து வந்தாலும் ரொட்டியை மறுக்க முடியாது. என்னைப் பார்க்காமல் ஓரத்தில் ஒரு கடி கடித்தாள். வண்டி நகர்ந்தது. பத்தடியில் மேகம் அதை விழுங்கிவிட்டது, சத்தம் மட்டும் வெகுநேரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அன்று பகல் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். மேகம் விலகியது, ஏரி திரும்பி வந்தது. நான் அவளுடைய ஆடுகளையும் என்னுடையதையும் ஒரே சரிவில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் பார்ப்பாள். ஒரு மணிக்குப் பார்ப்பதை விட்டிருப்பாள். இன்னும் அம்மா வரவில்லை என்றால் வரப்போவதில்லை என்று முடிவு கட்டியிருப்பாள்.

பொழுது சாயும்போது மேட்டில் ஜீப் தெரிந்தது. நான் ஓடையின் இந்தப் பக்கமே நின்றேன். வண்டியை நிறுத்திவிட்டு அவள் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இருட்டிவிடும் போலிருந்தது. கடைசியில் நான் ஓடையைத் தாண்டிப் போய் ஜன்னலருகே நின்றேன்.

"பாத்தியா?"

"பஸ் நகர ஆரம்பிச்சிருச்சு," என்றாள். "குறுக்க கொண்டு போய் நிறுத்தினேன். டிரைவர் எங்கம்மா வரைக்கும் திட்டினான். ஜிபார் ஜன்னலைத் தள்ளினா. இளைச்சிருக்கா. முடியை வெட்டிட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்ல. ரெண்டு மணி நேரம் எனக்காக உக்காந்திருந்திருக்கா. அந்த ரெண்டு மணி நேரத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க, அண்ணே. அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம்," என்றேன்.

அவள் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் தூசியும் கண்ணீரும் கலந்து காய்ந்திருந்தது. நான் அவளை இவ்வளவு நேசித்ததில்லை.

"அந்தக் கல்லு பேச்சைச் சொன்னதுக்கு மன்னிச்சுரும்மான்னு சொன்னேன். அவ அதுக்கு ஒண்ணும் சொல்லல. பஸ் நகந்துச்சு. அப்ப கேட்டா, நீயும் வரியாம்மான்னு. வா, ரெண்டு பேரும் இருக்கலாம், ஒரு ரூம் இருக்குன்னா. பஸ் போயிட்டிருக்கு, கையை விடாம நானும் கூட ஓடறேன். என்ன சொன்னேன் தெரியுமா?" அவள் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆடு இருக்கேன்னேன். பெத்த பொண்ணு கூப்பிடறா, பெய்ஷேன். ஆட்டைக் காரணம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். என் வாயில் ஒரு சொல் வந்து நின்றது. மூன்று கோடையாகச் சொல்லாத சொல், 'இரு' என்பது. இப்போது சொன்னால் அவள் இருப்பாள் என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு களைத்திருந்தாள், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டியிருந்தது அவளுக்கு. மகளிடம் சொன்ன பதில் சரிதான் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், பிடித்துக்கொண்டுவிடுவாள்.

"எத்தனை ஆடு இருக்கு?" என்று கேட்டேன்.

"என்ன?"

"உன் ஆடு. மொத்தம் எத்தனை?"

"நூத்தி நாப்பத்தி மூணு. ஏன்?"

"என்னோடது இருநூறு. சேத்து ஓட்டிட்டுத் தெக்கால இறங்கிடறேன். தீவனம் போதும். குட்டி போடற காலத்துக்கு என் தங்கச்சி வந்துருவா." குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. "நீ போ, புருல். மேட்டுல ஏறி அவளுக்குச் சொல்லு, பிஷ்கெக்லதான் இருப்பா, இன்னும் பிளேன் ஏறியிருக்க மாட்டா. வரேன்னு சொல்லு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். காலையில் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்த அதே பார்வை. இவன் இதை ஏன் நீட்டுகிறான் என்று புரிந்துகொள்ள முயல்கிற பார்வை. புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சாவியைத் திருப்பினாள், மேட்டைப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். நான், என் மந்தையோடு சேர்ந்து இறங்கப்போகிற அவள் ஆடுகளின் காதில் என் அடையாளச் சாயத்தைப் பூசுவதற்கு டப்பாவைத் தேடிக்கொண்டு போனேன்.